ஐந்து டாலரும் ஒரு கையெழுத்தும்: மேய்ன் மாநிலத்தின் தூய தேர்தல் சட்டம்

1995 நவம்பர் 7, செவ்வாய்க்கிழமை. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், கனடா எல்லையை ஒட்டிக் கிடக்கும் மேய்ன் மாநிலத்தில் அன்று வாக்குப்பதிவு. ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தவர்களுக்கு ஊர் ஊராக மேசை போட்டு ஆட்கள் காத்திருந்தார்கள். மாநிலத் தேர்தலில் பெரும்பணத்தின் பிடியைத் தளர்த்த, தனியார் நன்கொடையை விட்டுவிடும் வேட்பாளரின் பிரசாரச் செலவை அரசே கொடுக்கும் ஒரு சட்டம் வேண்டும், அதற்குக் கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்டார்கள்.

மேய்னில் 1908 முதல் ஓர் ஏற்பாடு இருக்கிறது. கடைசியாக நடந்த ஆளுநர் (நம் முதலமைச்சர் போல மக்கள் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர்) தேர்தலில் பதிவான வாக்குகளில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கையெழுத்துச் சேர்த்துவிட்டால், மக்களே ஒரு சட்ட வரைவைப் பொது வாக்கெடுப்புக்குக் கொண்டுவரலாம். அப்போதைய கணக்கில் ஏறத்தாழ 51,000 கையெழுத்து வேண்டும். அந்த ஒரே நாளில் 1,100 தன்னார்வலர்கள் சேர்த்தது சுமார் 65,000. மாநிலத்தின் மொத்த மக்கள்தொகையே அப்போது பன்னிரண்டரை இலட்சத்துக்குள்தான்.

தேர்தல் பணம் என்ற பேச்சை எடுத்தாலே நாம் நீதிமன்றத் தீர்ப்பையும் தேர்தல் ஆணையத்தின் உத்தரவையும்தான் நினைக்கிறோம். மேய்னில் சட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் குடிமக்கள். அது ஒடிந்தபோது மறுபடி ஒட்டவைத்தவர்களும் அவர்கள்தான். இதை விரிவாக எழுத எனக்கு அந்த ஒரு காரணமே போதும்.

பணம் எந்த வழியில் வந்தது

இங்கே நாம் பேசுவது ஓட்டுக்குப் பணம் கொடுப்பதைப் பற்றியல்ல. மேய்னில் பணம் வாக்காளர் கைக்குப் போகவில்லை, வேட்பாளர் கைக்கு வந்தது. வீட்டுக்கு வீடு அனுப்பும் அட்டைகள், வானொலி, தொலைக்காட்சி விளம்பரம், சாலையோரப் பலகைகள் என்று எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. அந்தச் செலவைத் தொழில் நிறுவனங்கள், தொழில் அமைப்புகள், அவற்றின் அரசியல் நிதிக் குழுக்கள் ஏற்றுக்கொண்டன. பிறகு அதே நிறுவனங்களின் ஆட்கள் தலைநகர் அகஸ்டாவில், சட்டமன்றத் தாழ்வாரத்தில், மசோதாக்களைப் பற்றிப் பேச வந்து நிற்பார்கள்.

அன்றைய வரம்புப்படி ஒரு தனிநபர் ஒரு வேட்பாளருக்கு 1,000 டாலர் வரை கொடுக்கலாம். ஒரு நிறுவனமோ நிதிக் குழுவோ 5,000 டாலர் வரை கொடுக்கலாம். பெரிய மாநிலத்தில் இது சில்லறைக் காசு. மேய்ன் சட்டமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் அவையிலோ 151 உறுப்பினர்கள், ஒரு தொகுதிக்குச் சுமார் 8,000 பேர். சில ஆயிரம் டாலரில் ஒரு பிரசாரமே முடிந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் 5,000 டாலர் காசோலை ஒன்று முழுத் தேர்தலையும் நடத்திக் கொடுத்துவிடும். கொடுத்தவர் மறுநாள் தொலைபேசியில் அழைத்தால் அதை எடுக்காமல் இருக்க எத்தனை பேரால் முடியும்? இதை நான் இலஞ்சம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கடன் உணர்வு வந்து உட்கார்ந்துகொள்கிறது. உதவியவரிடம் முகத்தை முறித்துக்கொள்ள மனிதர்களுக்கு இயல்பாகவே வராது.

சட்டமன்றத்தில் முன்வைத்த சீர்திருத்த முயற்சிகள் நகரவில்லை. அந்த முறையில் ஜெயித்து வந்தவர்களே அந்த முறையை மாற்ற வேண்டும் என்றால் எப்படி நகரும்? அதனால்தான் ஒரு கூட்டணி மக்களிடம் நேராகப் போனது. பெண் வாக்காளர் லீக், ஆட்சியில் நேர்மைக்காகப் போராடும் காமன் காஸ், தொழிற்சங்கக் கூட்டமைப்பு, மூத்த குடிமக்கள் அமைப்பு, ஏழைகளுக்காகக் குரல் கொடுக்கும் மேய்ன் பீப்பிள்ஸ் அலையன்ஸ் எல்லாம் அதில் சேர்ந்திருந்தன. மற்ற விஷயங்களில் இவர்கள் ஒரே கருத்துக் கொண்டவர்கள் அல்லர். ஆனால் தங்கள் கோரிக்கை ஒவ்வொன்றும் கடைசியில் போய் முட்டுகிற சுவர் ஒன்றுதான் என்று ஆளாளுக்குப் புரிந்திருந்தது.

1996 நவம்பர் 5 அன்று வாக்கெடுப்பு நடந்தது. அதே வாக்குச்சீட்டில் காடுகளை மொட்டையாக வெட்டுவதைத் தடை செய்வது பற்றிய கேள்வியும் இருந்தது. காகித நிறுவனங்கள் அதைத் தோற்கடிக்கப் பெரும்பணம் இறக்கின. மாநிலத்தின் கவனமெல்லாம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது தூய தேர்தல் கேள்விக்கு ஓரளவு உதவியது என்பது என் கணிப்பு. எப்படியோ, 56 சதவீதம் ஆதரவு, 44 சதவீதம் எதிர்ப்பு. சட்டம் நிறைவேறியது.

ஐந்து டாலரின் வேலை

சட்டத்தை எழுதியவர்கள் முதலில் ஒரு பெரிய தடையைத் தாண்ட வேண்டியிருந்தது. வேட்பாளர் தன் பிரசாரத்துக்குச் செலவழிப்பதற்கு அரசு கட்டாய உச்சவரம்பு வைக்கக் கூடாது, அது பேச்சுரிமையை மீறும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1976லேயே சொல்லிவிட்டது. ஆனால் அதே தீர்ப்பில் ஒரு கதவு திறந்திருந்தது. அரசுப் பணத்தை ஏற்கிறவர் தானாக முன்வந்து உச்சவரம்பையும் ஏற்றால், அதில் தவறில்லை. அந்தக் கதவு வழியாகத்தான் மேய்ன் சட்டம் உள்ளே நுழைந்தது. யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. பழைய வழியில் நன்கொடை வாங்கி நிற்க விரும்புகிறவர் அப்படியே நிற்கலாம். அவர்களுக்கான நன்கொடை வரம்பைச் சட்டமன்றத் தொகுதிக்கு 250 டாலர், ஆளுநர் தேர்தலுக்கு 500 டாலர் என்று குறைத்தார்கள், அவ்வளவுதான்.

சரி, அரசுப் பணம் என்றால் வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் கொடுப்பதா? பெயருக்கு நிற்கிறவர்கள் கஜானாவைக் காலி செய்துவிட மாட்டார்களா? இதற்குக் கண்டுபிடித்த விடைதான் ஐந்து டாலர். பிரதிநிதிகள் அவைக்கு நிற்கிறவர் தன் தொகுதியில் பதிவு செய்த வாக்காளர்கள் 50 பேரிடம் தலைக்கு ஐந்து டாலர் வாங்க வேண்டும். மாநிலச் சட்டமன்றத்தின் மேலவையான செனட்டுக்கு 150 பேர், ஆளுநர் பதவிக்கு 2,500 பேர். பின்னாளில் இந்த எண்ணிக்கை 60, 175, 3,200 என்று உயர்ந்தது.

இந்த ஐந்து டாலர் வேட்பாளருக்குப் போகாது, மாநிலத்தின் தூய தேர்தல் நிதிக்குப் போகும். கொடுத்தவர் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும்: இது என் சொந்தப் பணம், இதற்குப் பதிலாக நான் எதையும் வாங்கவில்லை என்று. அவர் உண்மையிலேயே அந்தத் தொகுதி வாக்காளர்தானா என்பதை ஊர் நிர்வாக அலுவலகத்தில் பட்டியலோடு ஒப்பிட்டுச் சான்று தருவார்கள். பிறகு எல்லாம் மாநிலத்தின் நெறிமுறை மற்றும் தேர்தல் நடைமுறை ஆணையத்துக்குப் போகும். ஆணையம் சரிபார்த்ததும் பிரசாரப் பணம் வரும். அன்றிலிருந்து அந்த வேட்பாளர் வேறு யாரிடமும் ஒரு டாலர்கூட வாங்கக் கூடாது, தன் சொந்தப் பணத்தையும் போடக் கூடாது. தொடக்கக் கைச்செலவுக்கு மட்டும் ஒருவரிடம் 100 டாலருக்கு மேற்படாமல் சிறிதளவு திரட்டிக்கொள்ளலாம்.

எனக்கு இந்தச் சட்டத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். 50 பேர் தலா ஐந்து டாலர் என்றால் 250 டாலர். நிதிக்கு அது ஒரு வரவே அல்ல. கையெழுத்து மட்டும் என்றால் கேட்டதற்காகப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பணப்பையைத் திறந்து ஐந்து டாலர் எடுக்க வேண்டும் என்றால் ஒரு நொடி யோசிப்பார்கள், எதிரே நிற்கிறவரிடம் நாலு கேள்வி கேட்பார்கள். சமையலறை மேசையில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தைப் பற்றி, மருந்து விலையைப் பற்றிக் கேட்பார்கள். பணம் திரட்டும் நேரம் வாக்காளரைச் சந்திக்கும் நேரமாக மாறிவிடுகிறது. பணக்கார நன்கொடையாளரின் வரவேற்பறையில் செலவாகியிருக்க வேண்டிய மாலைப்பொழுது ஒரு மரம் வெட்டும் தொழிலாளியின் வாசலில் செலவாகிறது.

சட்டம் வந்தாயிற்று, பணம்?

வாக்கெடுப்பில் ஜெயித்ததும் வீட்டுக்குப் போய்விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1998ல் இதே மாதிரியான சட்டத்தை மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் ஆதரித்தார்கள். ஆனால் அங்கே சட்டமன்றம் நிதி ஒதுக்க மறுத்துவிட்டது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 2002ல் அரசு வாகனங்களை ஏலம் விட்டு வேட்பாளர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டிய நிலை வந்தது. மறு ஆண்டே சட்டமன்றம் அந்தச் சட்டத்தை இரத்து செய்துவிட்டது. மூன்றில் இரண்டு பங்கு மக்கள் கேட்ட சட்டம் அது. இன்று படித்தாலும் வயிறு எரிகிறது.

மேய்னில் ஆண்டுக்கு 20 இலட்சம் டாலர் பொது நிதியிலிருந்து தூய தேர்தல் நிதிக்குப் போக வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். இருந்தும் வரவுசெலவில் பற்றாக்குறை வந்தபோதெல்லாம் சட்டமன்றத்தின் கண் அந்த நிதியின் மேல் விழுந்தது, பணத்தை எடுத்து வேறு செலவுக்குத் திருப்பவும் செய்தது. இயக்கத்தினர் கலைந்துபோகாமல், ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் குழு அறைகளில் உட்கார்ந்து, எது எங்கே போகிறது என்று கவனித்துக்கொண்டே இருந்தார்கள். இந்த வேலையைச் செய்ய ஆள் கிடைப்பதுதான் கடினம். கையெழுத்து வாங்கும் நாளில் 1,100 பேர் வருவார்கள். நிதி ஒதுக்கீட்டுக் குழுவின் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு நாலு பேர் வருவதே பெரிது.

நீதிமன்றமும் ஒரு பக்கம் வந்தது. சட்டம் நடைமுறைக்கு வரும் முன்பே எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2000ஆம் ஆண்டு பாஸ்டனில் உள்ள கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அந்த ஆண்டுத் தேர்தலே முதல் சோதனை.

பரிமாறுபவர் சட்டமன்றம் போனார்

2000 தேர்தலில் ஆபர்ன் என்ற நகரத்திலிருந்து டெபோரா சிம்சன் என்ற பெண் பிரதிநிதிகள் அவைக்கு நின்றார். உணவகத்தில் பரிமாறும் வேலை பார்த்தவர், துணையின்றித் தனியாகக் குழந்தை வளர்த்தவர். நன்கொடை கேட்டுப் போகப் பணக்கார நண்பர்கள் அவருக்கு இல்லை. தூய தேர்தல் வழியில் நின்றார், ஜெயித்தார். எட்டு ஆண்டுகள் பிரதிநிதிகள் அவையிலும் பிறகு செனட்டிலும் இருந்தார். அவரைப் போலவே ஆசிரியர்கள், சிறு விவசாயிகள், முன்பு தேர்தலை நினைத்தும் பார்க்காத பலர் வந்தார்கள். அந்த முதல் தேர்தலிலேயே வென்றவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் தூய வேட்பாளர்கள். 2008ல் அது 85 சதவீதத்தை எட்டியது. டெமாக்ரட், ரிப்பப்ளிக்கன் இரு கட்சியினரும் இதில் இருந்தார்கள். நன்கொடை வாங்கிய வேட்பாளர் தான் ஏன் வாங்கினேன் என்று விளக்கம் சொல்ல வேண்டிய நிலை வந்துவிட்டது. ஒரு சட்டம் ஊரின் வழக்கமாக மாறுவது இப்படித்தான்.

ஆளுநர் தேர்தலில் இது அவ்வளவு எளிதாக எடுபடவில்லை. 2002ல் முதன்முதலாக அரசு நிதியில் நின்றவர் பசுமைக் கட்சியின் ஜோனதன் கார்ட்டர், 1996ல் அந்தக் காடு வெட்டுத் தடைக்கான இயக்கத்தை நடத்தியவர். ஒன்பது சதவீத வாக்கு வாங்கினார். 2010ல் டெமாக்ரட் கட்சியின் லிப்பி மிட்செல் இதே வழியில் நின்று மூன்றாமிடம் போனார். இந்த வழியில் நின்று இதுவரை யாரும் மேய்ன் ஆளுநராகவில்லை.

பலன் எவ்வளவு என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் மேய்னையும், 1998ல் இதே வழியில் வந்த அரிசோனாவையும் ஆராய்ந்து 2010ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையிலான வாக்கு வித்தியாசம் குறைந்திருந்தது. ஆனால் இந்தச் சட்டம்தான் அதற்குக் காரணம் என்று நேரடியாகச் சொல்ல முடியவில்லை என்றும் அதே அறிக்கை கூறியது. ஆதரவாளர்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்காட்டுவதை நான் ஏற்க மாட்டேன். என் பார்வையில் இந்தச் சட்டத்தின் மதிப்பு, யார் நிற்க முடியும், நிற்கிறவர் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார் என்ற இரண்டு கேள்விகளில் இருக்கிறது. முதல் கேள்விக்கு விடை கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டாவதை அளக்க எளிதான அளவுகோல் கிடையாது.

ஓட்டைகளும் இருந்தன. தன் பிரசாரத்துக்கு அரசுப் பணம் வாங்கிய கட்சித் தலைவர்கள் சிலர், அதே நேரத்தில் தனியாக ஓர் அரசியல் நிதிக் குழுவை வைத்து நிறுவனங்களிடம் பணம் திரட்டினார்கள். அதைத் தங்கள் கட்சிக்காரர்களின் தொகுதிகளில் செலவழித்தார்கள். முன்வாசலை மூடிவிட்டுப் பின்வாசலைத் திறந்து வைத்தது போல. இது சட்டத்தின் மேல் மக்களுக்கு இருந்த நம்பிக்கையைக் கெடுத்தது.

2011 ஜூன் 27

சட்டத்தின் முதுகெலும்பு, ஈடுகட்டும் நிதி. எதிர் வேட்பாளரோ அவருக்காக வெளிக் குழுவோ ஓர் அளவுக்கு மேல் செலவழித்தால், தூய வேட்பாளருக்கு அதற்கேற்பக் கூடுதல் பணம் வரும். இந்த உறுதி இருந்ததால்தான் பலர் துணிந்து வந்தார்கள்.

அரிசோனா சட்டத்தில் இருந்த இதே ஏற்பாட்டை எதிர்த்த வழக்கில் 2011 ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. நான் செலவழித்தால் என் எதிரிக்குப் பணம் போகும் என்றால் என் பேச்சுக்கு அது சுமை, எனவே செல்லாது என்று தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதினார். மாறுபட்ட தீர்ப்பை எழுதிய எலினா கேகன், இந்த ஏற்பாடு யாருடைய வாயையும் அடைக்கவில்லை, மேலும் பேச்சுக்கு இடம் தருகிறது என்று வாதிட்டார். எனக்குக் கேகன் சொன்னதே நியாயமாகப் படுகிறது. எதிரே நிற்பவருக்கும் ஓர் ஒலிபெருக்கி கொடுப்பதால் என் குரல் எப்படிக் குறையும்?

மேய்னின் ஏற்பாடும் அதோடு விழுந்தது. 2012ல் சட்டமன்றம் அதற்கு மாற்றாக எதையும் கொண்டுவரவில்லை. அதற்கு முன்பே, 2010 ஜனவரியில், நிறுவனங்களும் சங்கங்களும் தேர்தலில் தனியாக எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம் என்ற சிட்டிசன்ஸ் யுனைட்டட் தீர்ப்பு வந்திருந்தது. இரண்டும் சேர்ந்து தாக்கின. 2012ல் பாங்கோர் நகரின் ஒரு செனட் தொகுதியில் மட்டும் வெளிக் குழுக்கள் இலட்சக்கணக்கில் டாலர் கொட்டின. கையைக் கட்டிக்கொண்டு அதற்குள் போய் நிற்க யார் துணிவார்? 2014ல் தூய வழியில் நின்றவர்கள் பாதியைச் சற்றுத் தாண்டிய அளவுக்கு இறங்கிவிட்டார்கள்.

மறுபடி மேசை போட்டார்கள்

2014 நவம்பர் தேர்தல் நாளில், பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் செய்தது போலவே, வாக்குச்சாவடிகளில் மேசை போட்டார்கள். வாக்கெடுப்பு 2015 நவம்பர் 3 அன்று நடந்தது. 55 சதவீதம் ஆதரவு.

புதிய சட்டத்தில் ஈடுகட்டும் நிதிக்குப் பதிலாக வேறு வழி வந்தது. எதிரி எவ்வளவு செலவழிக்கிறார் என்பதை இனி பார்க்க வேண்டியதில்லை. கூடுதல் பணம் வேண்டும் என்றால் வேட்பாளர் மறுபடி வாசல் வாசலாகப் போய்க் கூடுதல் ஐந்து டாலர் நன்கொடைகளைச் சேர்க்க வேண்டும். நீதிமன்றம் எதை அடைத்ததோ அதைச் சுற்றிக்கொண்டு, சட்டத்தின் உயிரான இடத்துக்கே திரும்பி வந்தார்கள். இதை எழுதியவர்களுக்கு என் வணக்கம். ஆண்டு நிதி 30 இலட்சம் டாலராக உயர்ந்தது. வெளிக் குழுக்களின் விளம்பரங்களில் அவற்றுக்கு அதிகம் பணம் கொடுத்த முதல் மூன்று பேரின் பெயரைப் போட வேண்டும் என்ற விதியும் வந்தது.

ஒன்றை மறைக்கக் கூடாது. 2015 இயக்கத்துக்கு வந்த பணத்தில் பெரும்பகுதி மாநிலத்துக்கு வெளியே இருந்த சீர்திருத்த அமைப்புகளிடமிருந்து வந்தது. பணத்தின் பிடியைக் குறைக்க வெளிப் பணமா என்று எதிர்த்தரப்பு கேட்டது. அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது என்றுதான் நினைக்கிறேன். யார் கொடுத்தார்கள், எவ்வளவு என்ற கணக்கு வெளியே இருந்தது என்பது வரை சொல்லலாம்.

2018ல் இன்னொரு தடங்கல். வரவுசெலவுச் சட்டத்தில் நேர்ந்த ஓர் எழுத்துப் பிழையால் நிதியை வழங்க முடியாமல் போயிற்று. பிழை என்று எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் அதைத் திருத்த பிரதிநிதிகள் அவையின் ரிப்பப்ளிக்கன் உறுப்பினர்கள் ஒத்துழைக்கவில்லை. நிதியை விடுவிக்கும் ஆணைகளில் கையெழுத்திட ஆளுநர் பால் லெபாஜும் மறுத்தார். தகுதி பெற்ற வேட்பாளர்கள் பிரசாரத்தின் நடுவில் கையில் காசில்லாமல் நின்றார்கள். வழக்குப் போட்டு, ஆகஸ்டில் நீதிமன்ற உத்தரவு பெற்ற பிறகே பணம் அசைந்தது. சட்டத்தைக் கொல்ல அதை இரத்து செய்யத் தேவையில்லை, ஒரு காற்புள்ளியைத் திருத்தாமல் விட்டாலும் போதும்.

தூய வழியில் வருகிறவர்களின் பங்கு 2008ன் உயரத்துக்குத் திரும்பவில்லை. ஆனால் பாதிச் சட்டமன்றம் அளவுக்கு நிலைத்து நிற்கிறது.

இப்போது சண்டை வேட்பாளருக்கு வெளியே சுற்றும் பணத்தோடு. கனடாவின் கியூபெக் மாகாண அரசுக்குச் சொந்தமான ஹைட்ரோ கியூபெக் மின் நிறுவனம், மேய்ன் வழியாகப் போகும் மின்பாதை பற்றிய 2021 வாக்கெடுப்பில் கோடிக்கணக்கில் டாலர் செலவழித்தது மக்களை உறுத்தியது. 2023 நவம்பரில், வெளிநாட்டு அரசுகளும் அவற்றின் நிறுவனங்களும் மேய்ன் தேர்தல்களில் செலவழிப்பதைத் தடை செய்யும் முன்மொழிவுக்கு 86 சதவீத ஆதரவு கிடைத்தது. 2024 நவம்பரில் வேட்பாளருக்கு வெளியே தனியாகச் செலவழிக்கும் குழுக்களுக்கு ஒருவர் ஆண்டுக்கு 5,000 டாலருக்கு மேல் கொடுக்கக் கூடாது என்ற முன்மொழிவை ஏறத்தாழ முக்கால்வாசி வாக்காளர்கள் ஏற்றார்கள். ட்ரம்புக்கு வாக்களித்தவரும் ஹாரிசுக்கு வாக்களித்தவரும் அந்த ஒரு கேள்வியில் ஒரே கட்டத்தை நிரப்பினார்கள்.

2025 ஜூலையில் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த 5,000 டாலர் வரம்பை நடைமுறைப்படுத்தத் தடை விதித்தது. இதைக் கொண்டுவந்தவர்கள் தோல்வியை எதிர்பார்த்தே எழுதியவர்கள். இத்தகைய குழுக்களுக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு வரம்பு வைக்கலாமா என்ற கேள்வியை உச்ச நீதிமன்றம் நேராக எடுத்துப் பேச வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். அவர்கள் மேல்முறையீட்டுக்குப் போனது பாஸ்டனில் உள்ள அதே நீதிமன்றத்துக்கு, 2000ல் தூய தேர்தல் சட்டம் செல்லும் என்று சொன்ன நீதிமன்றத்துக்கு.